ஆகாய கங்கைக்கு நடந்து இறங்குவோருக்கு

மலை என்றால் முதலில் ஏற வேண்டும், பிறகு இறங்க வேண்டும் என்றுதான் நம் கால்கள் பழகியிருக்கின்றன. கொல்லிமலையின் ஆகாய கங்கை அருவி இந்த வரிசையை மாற்றிவிடுகிறது. பேருந்தோ காரோ உங்களை மலையின் மேல்பரப்பிலேயே, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகில் இறக்கிவிட்டுவிடும். அருவியோ அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளுக்குக் கீழே, மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை சூழ்ந்த பள்ளத்தில், ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. உடலில் தெம்பு இருக்கும்போது இறக்கம் வருகிறது. குளித்துக் குளிர்ந்து, பசியெடுத்து, தொடை தளர்ந்த பிறகு ஏற்றம் வருகிறது. அங்கே பாதிப் படியில் மூச்சு வாங்கி அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் உடல் வலுவில்லாதவர்கள் அல்லர்; இந்தக் கணக்கைப் போடாமல் இறங்கியவர்கள். ஆகவே கீழே இறங்கும் ஒவ்வொரு படியையும் மீண்டும் ஏற வேண்டிய படியாகவே எண்ணி இறங்க வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எப்போது செல்வது

கோடையில் சென்றால் பாறையில் கசியும் ஒரு மெல்லிய நீரிழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரலாம். தென்மேற்குப் பருவமழை பெய்து மலை நனைந்த பிறகு, ஆடிக் கடைசியிலிருந்து தை வரை நீர் நன்றாக இருக்கும். அதே காலத்தில்தான் திடீர் வெள்ளமும் வரும் என்பதால், நீர்வரத்து கூடினால் வனத்துறையினர் குளிக்கத் தடை விதிப்பார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் மாலையும், புறப்படும் நாள் காலையும் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. ஆடி 17, 18 தேதிகளை ஒட்டி வல்வில் ஓரி விழா நடைபெறும். விழாவைக் காண விரும்புவோர் அந்த நாட்களில் தாராளமாகச் செல்லலாம். ஆனால் அருவிக்காகச் செல்வோர் அந்த இரு நாட்களையும் தவிர்ப்பதே மேல். படியில் இறங்குவோரும் ஏறுவோரும் தோளோடு தோள் உரச நகரும்போது, ஒருவர் வழுக்கினால் நால்வர் சாய்வார்கள்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம் சென்று, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வர வேண்டும். வாகனத்தில் வாந்தி வரும் இயல்புடையவர்கள் வெறும் வயிற்றோடும் வரக்கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்டும் வரக்கூடாது. இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, முன் இருக்கையில் அமர்ந்து, தொலைவில் உள்ள மலையைப் பார்த்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வெளியூரிலிருந்து வருபவர்கள் முதல் நாளே மலைமேல் உள்ள செம்மேடு என்ற ஊரில் தங்கிவிட்டு, மறுநாள் காலை நுழைவுச்சீட்டு கொடுக்கத் தொடங்கியதும் முதல் ஆட்களாக இறங்குவதுதான் நான் பரிந்துரைக்கும் முறை. காலையில் கூட்டம் குறைவு. அதைவிட முக்கியமாக, மழைக்காலத்தில் மலைமேல் இடி மின்னலோடு மழை கட்டுவது பெரும்பாலும் பிற்பகலில்தான். அது தொடங்குவதற்குள் நீங்கள் மேலே ஏறி வந்திருக்க வேண்டும்.

எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது

காலணியில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். ரப்பர் செருப்பு ஈரப் பாறையில் வழுக்கும், வாரும் அறுந்துவிடும். குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் பட்டையுள்ள, அடிப்பகுதியில் ஆழமான வெட்டுகள் கொண்ட சாண்டலோ, நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒதுக்கி வைத்த பழைய கேன்வாஸ் ஷூவோ போதும். தோளில் மாட்டும் சிறு பை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு, கடலைமிட்டாய், பருத்தித் துண்டு, மாற்று உடை, கைபேசியைப் போட்டு வைக்கக் கெட்டியான பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டும் என்பதால் தூக்குப் பையும் கூடையும் வேண்டாம். குரங்குகள் நெகிழிப் பையின் சலசலப்பைக் கேட்டதும் வந்துவிடும். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைத்து மூடிவிட வேண்டும், அவற்றுக்கு ஊட்டவும் கூடாது. மழை நாட்களில் படியோரப் புற்களில் அட்டை இருக்கும். ஒரு துணியில் கல் உப்பைக் கட்டி வைத்துக்கொண்டு அட்டையின் மீது ஒற்றினால் அது தானாக விழுந்துவிடும்.

பத்து மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்றை யாராவது ஒருவர் பையில் வைத்திருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சோப்பு, ஷாம்பு, எண்ணெய் மூன்றையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். குற்றாலத்தில் இவற்றுக்குத் தடையே இருக்கிறது. எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது நம்மவர்க்குப் பழைய இன்பம்தான் என்றாலும், அந்த எண்ணெய் பாறையில் படிந்து அடுத்து வருபவரின் காலை வாரிவிடுகிறது. நுரை இந்த அருவியின் ஆறான ஐயாற்றில் கலந்து மறுபக்க அடிவாரத்தில் உள்ள புளியஞ்சோலை வரை போகிறது. அங்கே அதே நீரில் குழந்தைகள் குளிக்கிறார்கள். அறப்பள்ளி ஈசனைப் பற்றி, அறுத்த மீனைப் பொருத்தி உயிரோடு ஆற்றில் விட்டவர் என்று ஒரு தலபுராணக் கதை உண்டு. மீனுக்காகக் கதை சொன்ன ஊரின் ஆற்றில் ஷாம்பு உறையைக் கிழித்துப் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இறக்கம்

இறங்கும்போது மூச்சு வாங்காது. அதனால் வேகமாகப் போகத் தோன்றும். ஆனால் உடலின் எடை முழுவதையும் ஒவ்வொரு படியிலும் தடுத்து நிறுத்துவது முன்தொடைத் தசைதான். அது களைத்துப்போனால் கீழே சென்று நின்றவுடன் முழங்கால் தானாக நடுங்கும். அந்த நடுக்கத்தோடு ஈரப் பாறையில் கால் வைப்பதுதான் வழுக்கி விழுவதற்கு முதல் காரணம். ஆகவே படிக்குக் குறுக்காகச் சற்றே பக்கவாட்டில் பாதத்தை வைத்து, கைப்பிடி உள்ள இடத்தில் பிடித்துக்கொண்டு, நூறு படிக்கு ஒரு முறை நின்று இறங்குங்கள். கீழே சென்றதும் நேராக நீருக்குள் போகாமல், பத்து நிமிடமாவது உட்கார்ந்து கால் நடுக்கம் அடங்கிய பிறகு எழுந்திருங்கள்.

இதய நோய், மூச்சிரைப்பு, முழங்கால் தேய்மானம் உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் கீழே அழைத்துச் செல்லாதீர்கள். ஒருமுறை எங்கள் சித்தப்பா, அறுபது வயதைத் தாண்டியவர், இளைஞர்களுக்கு ஈடுகொடுத்து இறங்கிவிட்டார். திரும்பும்போது முந்நூறு படி ஏறியதும் முகம் வெளுத்து அமர்ந்துவிட்டார். படியோரத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த மலைவாழ் மூதாட்டி ஒருவர் எழுந்து வந்து, அவர் கையில் ஒரு சொம்பு தண்ணீரைக் கொடுத்து, "மெதுவா வாங்க சாமி, படி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். அன்று நாங்கள் மேலே வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவரைக் கீழே வரச் சொல்லி வற்புறுத்தியது நான்தான் என்பதை இன்றும் மறக்கவில்லை. கோயிலும், கோயிலை ஒட்டிய ஆற்றங்கரையும் மேலேயே இருக்கின்றன. வயதானவர்கள் அங்கே நிம்மதியாக இருக்கலாம்.

நீரை எப்படிப் பார்ப்பது

அருவியின் அடியில் முதலில் உங்களைத் தொடுவது சாரல்தான். நீர்வரத்து நன்றாக இருக்கும் நாளில் சாரல் காற்றோடு சேர்ந்து ஊசிபோல் முகத்தில் குத்தும். கண்ணைத் திறக்கவும் மூச்சை இழுக்கவும் சிரமமாக இருக்கும். முகத்தைத் திருப்பி, முதுகைக் காட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து செல்ல வேண்டும். முதலில் கால், பிறகு கை, பிறகு மார்பு என்று நனைத்துக்கொண்டு, உடல் குளிருக்குப் பழகிய பிறகே நீருக்கு அடியில் நில்லுங்கள். குளிர்ந்த நீர் சட்டென்று மார்பில் பட்டால் நம்மை அறியாமலே பெருமூச்சாக இழுப்போம். அந்த நேரத்தில் முகம் நீருக்குள் இருந்தால் மூச்சோடு நீரும் உள்ளே போய்விடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இது நேரும். தலையின் உச்சியில் நேராக நீரை வாங்காமல் தோளிலும் முதுகிலும் வாங்க வேண்டும். அருவி விழும் நடுத்தாரைக்கு அடியில் போகவே கூடாது. மேலிருந்து வருவது நீர் மட்டும் அன்று. சிறு கல்லும் ஒடிந்த கிளையும் அதோடு வரும்.

குற்றாலம் பேரருவியில் இத்தனை பேர் நின்று குளிக்க முடிவது, அந்தப் பாறையின் அமைப்பினால்தான். அங்கே மேலிருந்து விழும் நீர் நடுவில் உள்ள பொங்குமாகடல் என்னும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் அடங்கி, பிறகே வழிந்து கீழே வருகிறது. குற்றாலத்தில் குளித்துப் பழகியவர்கள் அந்தத் துணிச்சலை எல்லா அருவிகளிடமும் காட்டிவிடக் கூடாது.

இனிப் பாறையைப் பற்றி. பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் விலகிப் போய்விடுகிறார்கள். காலை வாருவது பெரும்பாலும் கருப்பாக, வெறும் ஈரம்போல் மினுங்கும் மெல்லிய வழவழப்புதான். காய்ந்து வெளிறிய பாறையில் கால் வையுங்கள். கருப்பாக மினுங்குவதை முதலில் நுனிக்காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு எடையைப் போடுங்கள். பாறையிலிருந்து பாறைக்குத் தாவக் கூடாது. ஐயம் இருந்தால் உட்கார்ந்து நகருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கசம்

ஆற்றில் ஆழம் மிகுந்த இடத்தைக் கசம் என்றும் மடு என்றும் சொல்வது நம் வழக்கம். பெரியகுளத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தொலைவில், கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கும் நீரில் அமைந்த கும்பக்கரை அருவிக்குச் சென்றால், யானைக் கஜம், பாம்புக் கஜம், உரல் கஜம் என்று ஒவ்வொரு பாறைக் குழிக்கும் ஒரு பெயர் வைத்திருப்பதைக் கேட்கலாம். கசம் என்பதே பேச்சில் கஜம் ஆகியிருக்கிறது. இவற்றில் உரல் கஜம் என்ற பெயரைச் சற்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டும். வெள்ளம் சுழலும் இடத்தில் சிறு பள்ளம் ஒன்றில் கூழாங்கற்கள் சிக்கிக்கொள்கின்றன. நீர் அவற்றைப் பல்லாயிரம் ஆண்டுகள் சுற்றிச் சுற்றி உருட்ட, பாறை உரல்போல் குடையப்படுகிறது. அப்படி உருவான குழியின் வாய் குறுகலாகவும் வயிறு அகலமாகவும் இருக்கலாம்; சுவர் வழுவழுவென்று கைப்பிடிக்கு ஒரு விரற்கடை இடம்கூடத் தராமல் இருக்கும். உள்ளே விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்திருந்தாலும் ஏறி வர முடியாமல் போவது இதனால்தான். உரலுக்குள் விழுந்த எறும்பு சுவரில் ஏறிச் சறுக்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கசத்தின் ஆழத்தைக் கண் தவறாகவே சொல்லும். தெளிந்த நீரில் ஒளி வளைவதால், நேர் மேலிருந்து பார்க்கும்போது 12 அடி ஆழம் 9 அடியாகத் தெரியும். சாய்ந்து பார்த்தால் இன்னும் குறைவாகத் தெரியும். எனவே "அடி தெரிகிறதே, நிற்கலாம்" என்ற முடிவுக்கு வராதீர்கள். நீளமான கொம்பை விட்டு அளந்து பாருங்கள், அல்லது அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள். அருவி நேராக விழுந்து வெண்ணுரை பொங்கும் இடத்தில் இன்னொரு தீமையும் உண்டு. நுரை என்பது பாதி காற்று. காற்று கலந்த நீர் உடலைத் தாங்காது. அமைதியான குளத்தில் மிதக்கும் அதே மனிதர் வெண்ணுரையில் அமிழ்ந்துபோவார். குளிக்க ஏற்ற இடம், அருவியிலிருந்து சற்றுத் தள்ளி, நீர் பச்சையாகவோ தெளிவாகவோ மெதுவாக ஓடி, மணலோ கூழாங்கல்லோ காலில் தட்டுப்படும், இடுப்பளவு ஆழத்துக்கு மேற்படாத பகுதிதான். எவ்வளவு தெரிந்த கசமாக இருந்தாலும் தலைகீழாகக் குதிக்க வேண்டாம். போன வெள்ளத்தில் உருண்டு வந்த பாறையொன்று இந்த ஆண்டு அடியில் கிடக்கலாம்.

வெள்ளம் வரும் அடையாளம்

2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பதினேழு வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. இத்தகைய வெள்ளம், மேலே காட்டுக்குள் பெய்யும் மழையால், கீழே ஒரு துளி விழாத நேரத்திலும் வரக்கூடியது. ஆகாய கங்கையில் இது இன்னும் கடினமான சிக்கல். பள்ளத்தின் அடியில் நிற்கும் உங்களுக்கு ஒரு துண்டு வானம் மட்டுமே தெரியும். செம்மேட்டுப் பக்கம் கருமேகம் கவிந்திருந்தாலும் காண முடியாது, அருவியின் இரைச்சலில் இடியோசையும் கேட்காது. அதனால் கண்ணைத்தான் நம்ப வேண்டும். குளிக்கத் தொடங்கும் முன் நீர்மட்டம் தொடும் ஒரு பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு, சில நிமிடங்களுக்கு ஒரு முறை யாராவது ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பாறை நீரில் மூழ்கினாலோ, தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறினாலோ, காய்ந்த இலையும் சுள்ளியும் திரளாக மிதந்து வந்தாலோ, அருவியின் ஓசை கனத்தாலோ, துண்டையும் செருப்பையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே படியில் ஏறிவிடுங்கள். ஆற்றின் போக்கில் கீழ்நோக்கி ஓடக் கூடாது. பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். மறுகரையில் மாட்டிக்கொண்டவர்கள் கடக்க முயலாமல் உயரமான இடத்தில் காத்திருக்கட்டும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் அளவு நீர்தானே என்று இறங்கிய பலசாலிகளும் சாய்ந்துபோவது அதனால்தான்.

குளிக்க வேண்டாம் என்று வனக்காவலர் சொன்னால் அதோடு முடிந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அவரிடம் வாதிடாதீர்கள். கம்பியைத் தாண்டுவதற்கும், அருவியின் தலைமேட்டுக்குப் போய்ப் படம் எடுப்பதற்கும் எந்த நியாயமும் கிடையாது.

ஒருவர் நீரில் சிக்கினால்

அவரைக் காப்பாற்றப் பின்னாலேயே குதிப்பவரும் சேர்ந்து மூழ்குவது மீண்டும் மீண்டும் நடக்கிறது. நான் சொன்ன கயிறு இதற்குத்தான். கயிறு இல்லையென்றால் வேட்டி, சேலை, துப்பட்டா ஆகியவற்றை முடிச்சிட்டு, ஒரு முனையில் காற்று நிரம்பிய காலி புட்டியைக் கட்டி எறியுங்கள். எறிபவர் குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், அவர் கால்களை இன்னொருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்குவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவதும் கூடாது. அதனால் இரைப்பையில் உள்ளது மூச்சுக்குழாய்க்குள் போகும், பொன்னான நேரமும் வீணாகும். மல்லாக்கப் படுக்கவைத்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை மூச்சைச் செலுத்துங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாகவும் ஆழமாகவும் அழுத்தி, இரண்டு முறை மூச்சு என்று நிறுத்தாமல் தொடருங்கள். அதே நேரத்தில் ஒருவர் 108-ஐ அழைக்க வேண்டும். பள்ளத்தில் கைபேசி எடுக்காமல் போகலாம் என்பதால், வேகமாக ஏறக்கூடிய ஒருவரை மேலே அனுப்புங்கள். கீழே இறங்கும் முன்பே, எத்தனை பேர் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று மேலே இருப்பவரிடமோ ஓட்டுநரிடமோ சொல்லிவிட்டுப் போவது இதனால் பயன்படும்.

கணுக்கால் பிசகினால் ஷூவைக் கழற்றாமல், அதன் மேலேயே துண்டைச் சுற்றி இறுக்கமாகக் கட்டிக்கொண்டு ஏறுங்கள். கழற்றினால் வீங்கிவிடும், மீண்டும் போட முடியாது.

ஏற்றம்

ஈர உடையோடு ஏறத் தொடங்காதீர்கள். தொடையில் உராய்ந்து புண்ணாகும், பள்ளத்துக் காற்றில் உடலும் நடுங்கும். உடை மாற்ற நல்ல மறைவிடம் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பெண்கள் பெரிய போர்வைத் துணி ஒன்றை எடுத்துச் சென்றால் இருவர் பிடிக்க ஒருவர் மாற்றிக்கொள்ளலாம். சாறும் கடலைமிட்டாயும் இப்போதுதான் தேவைப்படும். இறங்கும்போதே அவற்றைத் தீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது படி ஏறுங்கள், ஒரு நிமிடம் நில்லுங்கள். உட்கார்ந்தால் தொடை இறுகிவிடும் என்பதால் பெரும்பாலும் நின்றபடியே இளைப்பாறுவது நல்லது. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். குழுவில் மெதுவாக ஏறுபவர் முன்னால் போகட்டும். அவரைப் பின்னால் விட்டுவிட்டு மேலே போய்க் காத்திருப்பது அவரை அவசரப்படுத்துவதாகும். யாருக்காவது நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அது களைப்பு என்று எண்ணாமல் அங்கேயே உட்காரவைத்து உதவி கேட்க வேண்டும்.

படிகள் முடியும் இடத்தில் முடவாட்டுக்கால் சூப் ஆவி பறக்கக் காத்திருக்கும். செம்மறியாட்டுக் கால்போல் ரோமம் படர்ந்த ஒரு கிழங்கைச் சீவி, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். முழங்கால் வலியைத் தீர்க்கும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. தீர்க்கிறதோ இல்லையோ, ஆயிரம் படி ஏறிய தொண்டையில் அந்த மிளகுக் காரம் இறங்கும் சுகத்துக்கு ஈடில்லை. கிழங்கைத் தோண்டி எடுத்து வந்து சூப் வைத்து விற்பவர்கள் மலைவாழ் மக்கள். விலை பேசாமல் வாங்கிக் குடியுங்கள். அதற்கு மேல் வயிறு நிறையச் சாப்பிடுவதைக் காரவள்ளிக்கு இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். 70 வளைவுகள் இன்னும் மிச்சம் இருக்கின்றன.